வற் கணக்கைப் பிறகு பார்ப்போம்

கிளிநொச்சியில் என்றாலும் வவுனியாவில் என்றாலும், கடைக்குள் போய் "ஹோம் தியேட்டர்" என்று வாய் திறந்தால் போதும். விற்கிற தம்பி ஒரு பாட்டைப் போட்டு பாஸை, அதாவது அடித்தொனியை, கூட்டிவிடுவார். கண்ணாடி அலுமாரி கிடுகிடுக்கும். "எப்பிடி ரீச்சர், நெஞ்சுக்குள்ள இடிக்குதோ?" என்று கேட்பார். இடித்தது உண்மைதான். பாடினவர் என்ன பாடினார் என்பதுதான் விளங்கவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது இடி இல்லை, வசனம். அப்பாவின் இடது காது 2009க்குப் பிறகு சரியாகக் கேட்பதில்லை. ஏன் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படம் பார்க்கும்போது "என்ன சொன்னவன்?" என்று அம்மாவிடம் கேட்பார், அம்மா சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் வசனத்தோடு சண்டையும் கூடும். வெடிச்சத்தம் வீட்டை அதிரவைத்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். ஆக, வசனம் மட்டும் எழும்ப வேண்டும், மற்றது எழும்பக் கூடாது. இதுதான் என் தேவை. கையில் இருந்தது ஸ்பீக்கர், வயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம்.

குற்றம் பெரும்பாலும் ரீவியுடையதுதான். மெல்லிசான ரீவிகளில் ஸ்பீக்கரைக் கீழேயோ பின்னாலோ பார்க்க வைத்துவிடுகிறார்கள். வசனம் சுவரில் அடிபட்டுத்தான் நம்மிடம் வந்து சேருகிறது. நாங்கள் இருப்பது இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், மேலே சீற். இந்த ஹோலுக்குள் கைதட்டினாலே திருப்பிச் சத்தம் வரும்.

படங்களின் 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சனலில் தனியாக இருக்கிறது. முன்னால் இடம், வலம், நடு, பக்கத்தில் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. அந்த ".1" என்பது கடைசியில் சொன்ன அடித்தொனி. இப்படிச் சுருக்கிப் பொதி செய்து வருகிற டொல்பி, டி.ரி.எஸ் ஒலியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஸ்பீக்கருக்குப் பலப்படுத்தி அனுப்புவதுதான் ரிசீவர் என்ற பெட்டியின் வேலை. பிரித்துவிட்டால் நடுச் சனலை மட்டும் கூட்டலாம். எனக்கு வேண்டியது சரியாக அது.

கடைகளில் 5.1 என்று எழுதி மலிவாக விற்கும் மல்டிமீடியா செற் பல இதைச் செய்யாது. பின்னால் பாருங்கள், சிவப்பு வெள்ளைத் துளைகள்தான் இருக்கும். பொதி செய்த ஒலியைக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ துளையும் இல்லை, ஒப்டிக்கல் துளையும் இல்லை. ரீவியிலிருந்து வரும் இரண்டு சனலையே ஐந்து பெட்டிக்கும் பிரித்து விடுகிறது. ஐந்து பெட்டியிலும் சத்தம் வருவதால் சனம் 5.1 என்று நம்புகிறது.

சரி, வற். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். சோனியின் எஸ்.ரி.ஆர்-டி.எச் 590 என்ற 5.2 ரிசீவரை (அடித்தொனிக்கு இரண்டு இணைப்பு உள்ளது) எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்தது, மலிவான ரிசீவர் என்றால் அடிக்கடி அடிபடும் பெயர். பெட்டியில் சனலுக்கு 145 வற் என்று இருக்கும். அது ஒரு சனலை மட்டும் ஓடவிட்டு, 1,000 ஹேர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 0.9 வீதம் ஒலிச் சிதைவோடு அளந்தது. அதே கொம்பனி இரண்டு சனலை ஓடவிட்டு 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை அளந்து தருகிற எண் 90. ஒரே பெட்டி, இரண்டு எண். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, சின்ன எழுத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். 145ஐ ஐந்தால் பெருக்கி "725 வற்" என்று கடைக்காரர் சொல்லும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் இன்னொரு கணக்கும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வற்றை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். 70 வற்றுக்கும் 90 வற்றுக்கும் இடையே ஏறக்குறைய 1 டெசிபெல். காது அதை மட்டுமட்டாகத்தான் பிடிக்கும். ஆனால் 86 டெசிபெல் உணர்திறன் (ஒரே வற்றுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 உள்ளதை எடுத்தால், ரிசீவரின் வற்றை இரட்டிப்பாக்கிய பலன் சும்மா கிடைக்கும். எங்கள் ஹோல் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அங்கே சாதாரணப் பேச்சுச் சத்தத்துக்கு ஒரு சில வற்றே அதிகம். பி.எம்.பி.ஓ (ஒரு கணத்து உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் எண்) என்று எழுதி நாலு இலக்க எண் போட்ட செற் என்றால் அந்த எண்ணை வாசிக்கவே வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். வன்னியில் பலருக்கு நல்ல சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. எனக்கும் கனடாவிலிருந்து மச்சாள் கூப்பிட்டு, "நாங்கள் புதுசு வாங்கியிட்டம், பழைய 7.2 அற்மோஸ் பெட்டி சும்மா கிடக்கு, வரேக்க கொண்டு வாறன்" என்றா. அற்மோஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் வகை. இலவசம். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. நேரே செருகினால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரோ பியூஸோ அந்த இடத்திலேயே போகும். வோல்ற்றேஜைக் குறைக்க வெளியே ஒரு ட்ரான்ஸ்போமர் வைக்கலாம்தான். ரிசீவருக்குப் போதுமான பெரிய ட்ரான்ஸ்போமர் சில கிலோ நிறை, விலையும் உண்டு, இராத்திரியில் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டும் இருக்கும். அதுவும் வோல்ற்றேஜை மட்டும்தான் குறைக்கும். 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. 60க்கென்று கட்டிய ட்ரான்ஸ்போமர் 50இல் ஓடும்போது கூடச் சுடும். வன்னி வெயிலில், சீற்றுக்குக் கீழே, ஏற்கனவே சுடுகிற ஒரு பெட்டி. ஏழெட்டுக் கிலோவை விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்து இதற்காகப் பாடுபட வேண்டுமா?

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமானும் கொழும்பில் நிறையக் கிடைக்கிறது. பார்க்கவே ஆசையாக இருக்கும், கட்டும் நல்ல கட்டு. அது 100 வோல்ற். ஜப்பானின் கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால் அந்தப் பெட்டிகள் இரண்டுக்கும் ஒத்துப்போகும். அந்த அளவில் கனடாப் பெட்டியை விட நல்லது. ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 110 வோல்ற் ட்ரான்ஸ்போமரைப் போட்டால் பத்து வீதம் கூடப் போகும். எங்கள் லைன் 240ஐத் தாண்டும் இரவுகளில் இன்னும் கூடும். எஃப்.எம். கேட்கலாம் என்றும் எண்ணாதீர்கள். ஜப்பானிய எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி எங்கள் நிலையங்கள் பல இருக்கும் இடத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன், நோர்வே, அவுஸ்திரேலியா, இங்கெல்லாம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் போதும். ஆகவே சொந்தக்காரரிடம் கேட்பதென்றால் சுவிஸ் சின்னம்மாவிடம் கேளுங்கள், கனடா மாமாவிடம் வேறேதும் கேளுங்கள். யார் தந்தாலும் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வோல்ற்றும் ஹேர்ட்ஸும் அதில் எழுதியிருக்கும். ஆசியாவுக்கென்று செய்த சில பெட்டிகளில் வோல்ற் மாற்றும் சுவிச்சே பின்னால் இருக்கும்.

மச்சாளுக்கு மறுப்புச் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஆள் அவர். மிதிக்கிற வேகம் கூடினால் றேடியோ போய்விடும் என்று பயந்து பயந்து மிதித்தாராம். வோல்ற்றைப் பற்றி அவருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.

அடுத்தது எச்.டி.எம்.ஐ. ரீவியில் ஒரு துளைக்குப் பக்கத்தில் ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ 1.4 பதிப்போடு வந்த வசதி இது: படம் ரீவிக்குப் போகும் அதே கேபிளால் ரீவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வரும். நெட்பிளிக்ஸை ரீவியிலேயே பார்க்கிறவர்களுக்கு இது மிக வசதி. பழைய பெட்டி வாங்கினால் எச்.டி.எம்.ஐ இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஏ.ஆர்.சி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈ.ஏ.ஆர்.சி என்று 2017இல் இன்னொன்று வந்தது. புளூரே தரத்துச் சுருக்காத ஒலிக்கு அது வேண்டும். எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஏ.ஆர்.சி கொடுத்தும் ஐந்து சனலும் வரவில்லை என்றால், ரீவியின் ஒலி அமைப்பில் பி.சி.எம் என்று இருக்கும். அதை ஓட்டோ அல்லது பிற்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். பி.சி.எம்மில் விட்டால் ரீவி இரண்டு சனலாகச் சுருக்கித்தான் அனுப்பும்.

பென்ட்ரைவ் விசயம் தனியாகச் சொல்ல வேண்டியது. படத்தைக் கொப்பி பண்ணிச் செருகினால் படம் ஓடும், சத்தம் வராது. "ஒலி வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்று ஒரு வரி வரும். அநேகமாக அந்தப் படத்தின் ஒலி டி.ரி.எஸ். 2018 தொடக்கம் சில பெரிய கொம்பனிகள் தங்கள் ரீவிகளிலிருந்து டி.ரி.எஸ்ஸை எடுத்துவிட்டன. ரீவியே அதைக் கடத்தாவிட்டால் ஏ.ஆர்.சி வழியாக ரிசீவருக்கும் வராது, ரிசீவர் எவ்வளவு நல்லதென்றாலும். வழி என்னவென்றால் ஒரு சின்ன அன்ட்ரொயிட் பெட்டியையோ பிளேயரையோ ரீவிக்குக் கொடுக்காமல் நேரே ரிசீவருக்குக் கொடுப்பது. ஒலி அங்கேயே பிரிந்துவிடும், படம் மட்டும் ரீவிக்குப் போகும். இதனால்தான் ரிசீவரில் உள்ளே வரும் எச்.டி.எம்.ஐ குறைந்தது நாலு இருக்க வேண்டும் என்கிறேன்: டிஷ் பெட்டிக்கு ஒன்று, அன்ட்ரொயிட் பெட்டிக்கு ஒன்று, மருமகன் கேம் கொண்டு வந்தால் ஒன்று, பழுதாகப் போகிறதுக்கு ஒன்று.

ஐந்தா, ஏழா, அற்மோஸா? பத்தடி அகல ஹோலில் ஏழு ஸ்பீக்கரை எங்கே வைப்பது? அற்மோஸுக்கு மேலே ஸ்பீக்கர் வேண்டும். எனக்கு மேலே இருப்பது சீற். மழை பெய்தால் அதுவே போதிய அற்மோஸ். யூரியூப்பும் டிஷ்ஷும் பெரும்பாலும் இரண்டு சனல்தான், அதையே ரிசீவர் பிரித்து நடுவுக்கு வசனத்தைக் கொண்டுவரும். 5.1 காணும்.

பழசு வாங்குவதென்று முடிவானதும் மல்லாவியில் றேடியோ திருத்துகிற அண்ணையிடம் போனேன். எங்கள் ஊரில் அவருக்குத் தெரியாத பெட்டி இல்லை. மேசையில் யாரோ திருத்தத் தந்த ஒரு ரிசீவர் மூடி கழற்றிக் கிடந்தது. "இங்க பாருங்கோ ரீச்சர்" என்று ரோச் அடித்தார். மூடியின் காற்றுத் துவாரங்களுக்கு நேர் கீழே, பவர் போர்ட்டில், காய்ந்து கறுத்த பல்லி ஒன்று. முன்னங்கால் ஒரு கம்பிமுனையில், வயிறு மற்றதில். இரண்டுக்கும் நடுவில் போர்ட் ஒரு சதத்துக் குற்றி அளவுக்கு எரிந்து பழுப்பாகி இருந்தது. பக்கத்தில் எறும்பு அரித்த மண் பொடிப்பொடியாக. "லைற்றுக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு இவர் வருவார், சூட்டுக்கு உள்ளுக்கயே குடியிருப்பார். இதுக்கு வற் எத்தினை எண்டு கேட்டு என்ன செய்யிறது?"

வாங்குமுன் பார்க்க வேண்டியதை அவர்தான் சொன்னார், நான் வெள்ளவத்தையில் இருக்கும் தம்பிக்குப் போனில் ஒப்புவித்தேன். பழைய ரிசீவரில் முதலில் போவது எச்.டி.எம்.ஐ போர்ட், ஆகவே ஒவ்வொரு துளையையும் கேபிள் போட்டுப் பார். உள்ளேயே இருக்கும் பரிசோதனைச் சத்தத்தை ஓடவிட்டு ஐந்து சனலும் வருகிறதா என்று கேள். அரை மணி ஓடவிடு. சூடேறிய பிறகு தானாக நிற்கிறதா என்று பார். சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா? ரிமோட் இருக்கிறதா? ஒலி அளக்கும் மைக் இருக்கிறதா? அந்த மைக் தொலைந்தால் வேறு கொம்பனி மைக்கை நம்பிப் போட முடியாது.

"அக்கா, விக்கிறவர் என்னைப் பொலிஸ் எண்டு நினைக்கிறார்" என்றான் தம்பி. ஆனாலும் எல்லாம் பார்த்தான். யமஹா ஆர்.எக்ஸ்-வி 385. 5.1, உள்ளே நாலு எச்.டி.எம்.ஐ, வெளியே ஒன்று ஏ.ஆர்.சியோடு, 230 வோல்ற். 65,000 ரூபாவுக்கு முடித்து, போர்வையில் சுற்றி இராத்திரி பஸ்ஸில் போட்டுவிட்டான்.

மிச்சக் காசு ஸ்பீக்கருக்கு. ரிசீவரை விட ஸ்பீக்கருக்குக் கூடச் செலவழிப்பதுதான் நியாயம். பலர் வீட்டில் பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செற் பழுதாகி, அதன் ஸ்பீக்கர் மட்டும் நல்லபடி இருக்கும். அதையே ரிசீவருக்குக் கொடுக்க எல்லாருக்கும் ஆசை. பின்னால் திருப்பி ஓம் (மின்தடையின் அளவு) பாருங்கள். அந்தச் செற்றுகள் பலவற்றில் 3 ஓம். ரிசீவர் கேட்பது 6 அல்லது அதற்கு மேல். குறைந்த ஓமைக் கொடுத்தால் கரண்ட் கூட இழுத்து ரிசீவர் சூடாகும், தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும், நிற்காவிட்டால் இன்னும் மோசம். நான் இடம் வலத்துக்குப் பழைய 6 ஓம் சோடி ஒன்று எடுத்தேன். பக்கத்துக்குச் சின்னது. நடு ஸ்பீக்கரை மட்டும் புதிதாக வாங்கினேன், அதற்குத்தான் கூடக் காசு. வயர் சாதாரண 1.5 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர். பெயர் பெற்ற ஸ்பீக்கர் கேபிள் என்று விற்பதற்குக் காசைக் கரியாக்காதீர்கள். எலி இரண்டையும் ஒரே மாதிரித்தான் கடிக்கும்.

அடித்தொனிக்கான சப்வூபர் வாங்கவில்லை. காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். ரிசீவரில் சப்வூபர் இல்லை என்றும், முன் ஸ்பீக்கர் பெரிது என்றும் சொல்லிவிட்டால், அந்த அடித்தொனி முன்னால் இருக்கும் இரண்டுக்கும் போய்விடும். படம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஒலி அளக்கும் மைக்கை அப்பாவின் கதிரையில், காது உயரத்தில் வைத்தேன். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சத்தம் அனுப்பி, தூரத்தையும் அளவையும் தானே கணக்கிடும். எல்லாரும் வாயை மூட வேண்டும். நாங்கள் மூடினோம், பக்கத்து வீட்டுச் சேவல் மூடவில்லை. சத்தம் கூட என்று பிழை காட்டி நின்றது. மத்தியான வெயிலில் சேவல் ஒதுங்கிய பிறகு அளந்து முடித்தோம். அதற்குப் பிறகு நடுச் சனலை மட்டும் 3 டெசிபெல் கையால் கூட்டினேன். மெல்லிய சத்தத்தை ஏற்றிப் பெரிய சத்தத்தை அடக்கும் இராப் பயன்முறையைப் பகலிலும் போட்டே வைத்திருக்கிறோம். இசைப் பிரியர்கள் பேசுவார்கள், பேசட்டும்.

எதிரொலிக்குக் கீழே பாய் விரித்துப் பார்த்தோம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பின்சுவரில் தடித்த சேலைத் திரையும், மூலையில் பஞ்சு மெத்தையும் வந்த பிறகுதான் வசனம் தெளிந்தது. அப்பா அம்மாவிடம் கேட்பது நின்றுவிடவில்லை, நடிகரின் பெயரைத்தான் இப்போது கேட்கிறார்.

கரண்ட் பற்றி இன்னும் இரண்டு சொல். சிறுபோகத்தில் பம்புகள் ஓடும் பின்னேரங்களில் எங்கள் லைன் விழும், அதற்கு ஒரு ஸ்ரபிலைசர் நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஸ்ரபிலைசர் காணாது. சுவிச்சை நிறுத்துவதும் காணாது, பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் வயரையும் கழற்றுங்கள். டிஷ்ஷில் இறங்கும் மின்னல் வயர் வழியாகப் பெட்டிக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ வழியாக ரிசீவருக்கும், ரீவிக்கும் போகும். அண்ணையின் மேசைக்கு மாரியில் வருவதில் பாதி அப்படித்தான். பல்லிக்கு, நாலு பக்கமும் திறந்த இரும்புத் தட்டில் வைத்து, ஆறிய பிறகு துணி போட்டு மூடுகிறோம். சூடாக இருக்கும்போது மூடக் கூடாது.

மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் யாரும் வாங்குகிற எண்ணத்தில் இருந்தால் வந்து கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் நல்லது, ஞாயிறு எனக்கு வகுப்பு. உங்கள் பென்ட்ரைவையும், வாங்க நினைக்கும் பெட்டியின் பின்பக்க லேபிள் படத்தையும் கொண்டு வாங்கோ. தேத்தண்ணி அம்மா தருவா.